சி மெஷினுக்கு, டி நமக்கு

எங்கள் தாவணகெரேயில், பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் கம்ப்யூட்டர் வாங்கின யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, சி யாருக்கு, டி யாருக்கு என்று கேளுங்கள். யோசிக்காமல் பதில் வரும்: சி மெஷினுக்கு, டி நமக்கு. வாய்ப்பாடு மறந்தவனுக்குக்கூட இது மறக்காது. கோட்ரேஷ் அப்படி ஓதித்தான் ஆளை வெளியே விடுவான்.

அவன் கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தவள் நான். இப்போதெல்லாம் திட்டுவதற்குக்கூட எனக்குக் கன்னடம்தான் முதலில் வாயில் வருகிறது. கொட்டூரேஸ்வரா கம்ப்யூட்டர்ஸ் என்று அவன் பலகை மாட்டிய நாளிலிருந்து பார்க்கிறேன். குள்ளமான ஆள், தொண்டை மட்டும் பெரிசு. நெற்றியில் மூன்று பட்டை விபூதி, சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர். பெங்களூரில் போர்டு, டிஸ்க், மின்விசிறி எல்லாவற்றையும் தனித்தனியாகப் பொறுக்கி வாங்கி வந்து, வருகிறவனின் தேவையைக் கேட்டு, அவன் கண் முன்னாலேயே பொருத்திக் கொடுப்பான். வேலை முடிந்ததும் தன் நெற்றியில் இருப்பது போலவே மெஷின் நெற்றியிலும் மூன்று பட்டை இழுப்பான். அதற்கப்புறம்தான் ஓதல்.

ஒரே டிஸ்க்கை அவன் இரண்டாகத் தடுப்பான். முதல் பாதிக்கு சி என்று பெயர், அதில் மெஷின் ஓடுவதற்கு வேண்டியது இருக்கும். மறுபாதி டி, அதில் நம் கணக்கு, நம் படம், நம் பாட்டு. "சி அடுப்படி, டி பீரோ," என்பான். "வைரஸ் வந்து அடுப்படி பத்திக்கிட்டாலும் நான் அதை மட்டும் கழுவி விட்டுடுவேன். பீரோ பத்திரமா இருக்கும். அதனால என்ன, சி மெஷினுக்கு..." என்று நிறுத்துவான். கடைக்குப் பின்னால் இருக்கிற வீட்டிலிருந்து அவன் பெண்டாட்டி கரிபசம்மா, "டி நமக்கு," என்று முடித்து வைப்பாள். அவளுக்கு மவுஸைப் பிடிக்கத் தெரியாது. கம்ப்யூட்டரைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரே வாக்கியம்தான். அதைச் சொல்வதில் அவளுக்குப் பெருமை.

பெரிய ஷோரூம்களில் ஆயத்தமாக வருகிற கம்ப்யூட்டர் என்றால் அவனுக்கு ஆகவே ஆகாது. சீல் டப்பா என்பான். உள்ளே என்ன போட்டிருக்கிறான் என்று விற்கிறவனுக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது, சாமிக்குத்தான் வெளிச்சம் என்பான். சீல் டப்பா வாங்கினவன் ரிப்பேருக்கு வந்தால் முதலில் அரை மணி நேரம் வசவு, அப்புறம்தான் வேலை. நான் கூட ஒரு தடவை கேட்டேன், இப்படித் திட்டினால் எவன்டா வருவான் என்று. திட்டு வாங்கினவன்தான் அக்கா திரும்பி வருவான் என்றான். உண்மைதான், வந்தார்கள்.

ஒரே மகள், சிஞ்சனா. அப்பன் குள்ளம், மகள் நெட்டை. அப்பன் தொண்டை அப்படியே மகளுக்கு. பத்தாம் வகுப்பில் அவள் வாங்கின மார்க்கைப் பார்த்துவிட்டு, அவளுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் கட்டினான். கடையில் இருக்கிற சாமானில் ஒன்றைக்கூடத் தொடவில்லை, எல்லாம் புதிதாகப் போய் வாங்கினான். கடைசி ஸ்க்ரூவை அவள்தான் முடுக்க வேண்டும் என்று சாமி முன்னால் வைத்து முடுக்கச் சொன்னான். எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவள் முடுக்கிவிட்டு, "அப்பாஜி, எனக்கு மாப்பிள்ளையும் பெங்களூர்ல பொறுக்கி எடுத்து வந்து இங்கேதான் பூட்டுவீங்களா?" என்றாள். சந்தே சிரித்தது.

அந்தப் பெண் அதில் படம் வரைவாள். பேனா மாதிரி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு திரையில் கோடு இழுப்பாள். ஒருத்தரை விட மாட்டாள். அம்மாவுக்கு மீசை, அப்பன் தூங்கும்போது வாயில் ஈ. என்னை வரைந்தாள், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் ஒரு பெரிய வாய், அந்த வாய்க்கு ஒரு மூக்குத்தி, அவ்வளவுதான் நான். பார்த்துவிட்டு ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. இன்றைக்கு அந்தப் படம் கிடைத்தால் சட்டம் போட்டுக் கடை வாசலில் மாட்டுவேன். கிடைக்காது.

கம்ப்யூட்டர்காரன் மகள்தான், ஆனாலும் வாத்தியார் பிள்ளை மக்கு என்கிற கதைதான். வரைந்தது, போனில் எடுத்தது, தோழிகள் அனுப்பியது, எல்லாவற்றையும் மெஷினைத் திறந்ததும் முதலில் தெரிகிற திரையிலேயே போட்டு வைப்பாள். டெஸ்க்டாப் என்பார்களே, அது. அங்கே வைப்பதெல்லாம் சி-யில்தான் போய் உட்காரும், அடுப்படியில். கோட்ரேஷ் தலையில் அடித்துக்கொள்வான். ஊரில் இருக்கிறவனெல்லாம் கேட்கிறான், நீ கேட்க மாட்டேன் என்கிறாயே, டி-யில் போடு என்று கத்துவான். அவள் அசைய மாட்டாள். "பீரோவுக்குள்ள பூட்டி வெச்சா யாரு பார்ப்பா அப்பாஜி? கண்ணு முன்னாடி கெடக்கட்டும்," என்பாள்.

கல்லூரி இரண்டாம் வருஷம், மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல். நாலு நாளில் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ரத்தத்தில் ஏதோ குறைகிறது என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள், அங்கேயே போய்விட்டாள். ஆஸ்பத்திரிக் களேபரத்தில் அவள் போனும் காணாமல் போனது. கடவுள் என்று ஒருவன் இருந்து, என் கையில் அகப்பட்டால், அவனிடம் கேட்க எனக்கு இரண்டு வார்த்தை இருக்கிறது. இங்கே எழுத முடியாத வார்த்தை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. சாயங்காலம் விளக்கேற்றியதும் கரிபசம்மா மகளுடைய மெஷின் முன்னால் வந்து உட்காருவாள். கையில் உரிக்கவோ ஆயவோ ஏதாவது இருக்கும். கோட்ரேஷ் கடையைப் பாதி சாத்திவிட்டு உள்ளே வந்து மெஷினைப் போடுவான். ஒவ்வொரு படமாகத் திறப்பான். முதலில் ஸ்க்ரூ முடுக்குகிற படம், அப்புறம் வாயில் ஈ, அப்புறம் அம்மாவின் மீசை, அப்புறம் நான். அதற்கடுத்து பாத்தி ஏரிக்கரையில் மழையில் மஞ்சள் சுடிதாரோடு குடை பிடித்து நிற்கிறாள். வரிசை மாறக் கூடாது. மாறினால் கரிபசம்மா கையை நிறுத்திவிட்டு அவனைப் பார்ப்பாள். அழ மாட்டாள். ஆஸ்பத்திரியில் அழுததுதான். படங்கள் முடிந்ததும் எழுந்துபோய் உலை வைப்பாள். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளை மறுநாள் வரைக்கும் நடக்க வைத்தது. எங்கள் சந்தில் எல்லோருக்கும் தெரியும், அந்த நேரத்தில் யாரும் கோட்ரேஷ் கடைக்குப் போக மாட்டார்கள்.

ஊருக்கெல்லாம் காப்பி எடு, இன்னொரு டிஸ்க்கில் போட்டு வை என்று உபதேசம் செய்கிறவன், அதை மட்டும் காப்பி எடுக்கவில்லை. டி-க்கும் மாற்றவில்லை. நான் விடாமல் நச்சரித்தேன். ஒருநாள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான், "அவ வெச்ச எடத்துல இருக்கட்டும்க்கா. காப்பி எடுத்துட்டா, இனிமே அவ வந்து எதுவும் வெக்க மாட்டான்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும்." எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம்தான் இந்த விண்டோஸ் மாற்றுகிற கூத்து வந்தது. பத்தாம் நம்பர் முடிகிறது, எல்லோரும் பதினொன்றுக்குப் போங்கள் என்று கம்ப்யூட்டர் தானே சொல்ல ஆரம்பித்தது. பழைய மெஷின்களில் பதினொன்று ஏறாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மெஷினைத் தூக்கிப் போடச் சொன்னால் யாருக்குத்தான் வயிறு எரியாது? என் கடை மெஷினையும் சேர்த்துத்தான். மாவு அரைக்கிறவன், வக்கீல், கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவன் என்று ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஏறுகிற மெஷினில் ஏற்றினான், ஏறாததற்குப் புது போர்டு போட்டான். சாப்பிட நேரமில்லை அவனுக்கு. ஷோரூம்காரர்களுக்கும் கொண்டாட்டம். தசராவும் தீபாவளியும் வேறு நெருங்கின. பழசைக் கொடுத்துப் புதுசை எடு என்று ஊரெல்லாம் பலகை.

ஒரு சாயங்காலம் சிஞ்சனா மெஷினிலும் அந்த அறிவிப்பு வந்தது. படம் வர வேண்டிய இடத்தில், திரை முழுக்க நீலமாக, ஆங்கிலத்தில். என்னவென்று கரிபசம்மா கேட்டிருக்கிறாள். அவன் விளையாட்டாக, "இன்ன தேதிக்கு மேல இதைக் கவனிச்சுக்க எங்களால ஆகாதுன்னு சொல்றாங்க," என்றிருக்கிறான். அதை மூடிவிட்டுப் படத்தைப் போட்டான். அவன் அதோடு மறந்தான். அவள் மறக்கவில்லை. கவனிக்க ஆளில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில் பார்த்தவள்தானே.

என்னிடம் வந்து கேட்டாள், அந்தத் தேதி வந்தால் படமெல்லாம் அழிந்துவிடுமா அக்கா என்று. அதெல்லாம் இல்லை, சும்மா பயமுறுத்துகிறார்கள் என்றேன். நம்பவில்லை. அந்த மெஷினும் அதற்கேற்ற மாதிரி நடந்துகொண்டது. சில நாள் போட்டவுடன் வராது. மின்விசிறி ஊளையிடும். கோட்ரேஷ் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் வரும். ஒருநாள் எத்தனை தட்டியும் வரவில்லை. கரிபசம்மா எழுந்துபோய்ச் சாமி முன்னால் நின்றுவிட்டு வந்தாள், அப்புறம் வந்தது. அன்றைக்குப் புருஷனிடம் கேட்டாள், எல்லாவற்றையும் ஒரு புது மெஷினுக்கு மாற்றிக் கொடுங்கள் என்று. அவன், "அதைத் தொடாதே, பேச்சையும் எடுக்காதே," என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டான். கோபமில்லை அது, பயம். டிஸ்க்கைக் கழற்றும்போது கை தவறினால்? ஆயிரம் டிஸ்க் கழற்றின கை அது, இந்த ஒன்றுக்கு நடுங்கியது.

ஆயுத பூஜைக்கு முன்னால் சாமான் வாங்க அவன் பெங்களூர் போனான். அன்றைக்குக் காலையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கரிபசம்மா மகளுடைய மெஷினைப் புதுப் படுக்கை விரிப்பில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். எங்கே என்று கேட்டேன். வந்து சொல்கிறேன் அக்கா என்றாள். முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது, பல நாளைக்கப்புறம். கையில் இருந்த இரண்டு தங்க வளையலில் ஒன்றுதான் மிச்சம் என்பதை அவள் திரும்பி வந்த பிறகுதான் கவனித்தேன்.

மறுநாள் காலை அவளே வந்து கூப்பிட்டாள். கேசரி பாத் கிண்டியிருந்தாள். மேஜையில் பழைய மெஷின் இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு புதுசு, ஷோரூம் அட்டைப்பெட்டி கீழே கிடந்தது. நெற்றியில் மூன்று பட்டையும் அவளே இழுத்திருந்தாள், கொஞ்சம் கோணலாக. எனக்குச் சிரிப்பு வந்தது. சீல் டப்பாவா, அதுவும் கோட்ரேஷ் வீட்டிலேயா, உன்னைக் கொன்று போடுவான் என்றேன். "திட்டட்டும்க்கா. அவரு கை நடுங்குது. வேத்து மனுசங்களுக்கு நடுங்காது. அதனாலதான் அங்கே போனேன்," என்றாள்.

அப்போதுதான் அவன் பெங்களூரிலிருந்து வந்தான். இரண்டு கையிலும் பை. வாசலிலேயே பார்த்துவிட்டான். பையைக் கீழே வைக்கவில்லை. பழசு எங்கே என்றான், சத்தமே இல்லாமல். அந்தத் தொண்டையில் இப்படி ஒரு குரல் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவள் பயப்படவில்லை. பரிசு வாங்கிவந்த பிள்ளை மாதிரி நின்றாள். பழசை எடுத்துக்கொண்டு புதுசு கொடுத்தார்கள், நம்முடையதை எல்லாம் இதற்குள் மாற்றிவிட்டார்கள், இனிமேல் எத்தனை வருஷத்துக்கும் கவனிக்க ஆள் உண்டு, என்றாள். ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து அவனிடம் நீட்டினாள். "பழைய டிஸ்க்கை வேற யாரும் எடுத்து நம்ம பொண்ணு படத்தைப் பாத்துடக் கூடாதுல்ல? என் கண்ணு முன்னாடியே ஓட்டை போட்டுக் குடுத்துட்டாங்க. ரொம்ப நல்ல மனுசங்க."

அவன் பையை வைத்துவிட்டு அதை வாங்கினான். டிரில் போட்ட ஓட்டை, சுண்டு விரல் நுழைகிற அளவு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை. தூக்கிப் பிடித்தான். ஓட்டை வழியே வாசல் வெளிச்சம் தெரிந்தது.

"எல்லாத்தையும் மாத்திட்டாங்களா?" என்றான்.

"மாத்தாம? நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்ல. அந்தப் பையன் எதை எதையெல்லாம் எடுக்கணும்மான்னு கேட்டான். சி-ய விடுப்பா, அது மெஷினுக்கு. டி-தான் நமக்கு, அதை மட்டும் ஒண்ணு விடாம எடுன்னேன். அசந்து போயிட்டான். யாரும்மா உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்தாங்கன்னான். எங்க வீட்டுக்காரர்னு சொன்னேன்."

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் இத்தனை வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கேட்டு, எது எங்கே இருக்கும் என்று எனக்கும் தெரியும். அவள் சொல்லி முடிப்பதற்குள் என் கை கேசரி பாத் கிண்ணத்தை வைத்துவிட்டது. நான் கோட்ரேஷைப் பார்க்கவில்லை.

அவன் டிஸ்க்கை மேஜைமேல் வைத்தான். அப்புறம், "நல்லா சொன்னே," என்றான். சிரிக்கக்கூடச் செய்தான். "நானே போயிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

அவள் உடனே போட்டுக் காட்டச் சொன்னாள். புது மெஷின், எல்லாவற்றையும் அடுக்க நாளாகும் என்றான். குளித்துவிட்டு வருகிறேன் என்று கிணற்றடிப் பக்கம் போனான். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. தண்ணீர் சத்தம் மட்டும்தான் கேட்டது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை.

அப்புறம் அவன் ஓடாத ஓட்டமில்லை. ஷோரூமுக்குப் போய்க் கேட்டான், சி-யை எங்காவது எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று. அந்த அம்மா வேண்டாம் என்றார்களே சார் என்றார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு சொல்வது? உள்ளே ஒன்றுமில்லாத பழைய பெட்டியை மட்டும் திரும்ப வாங்கி வந்தான். அழிந்ததை மீட்கிறவர்கள் என்று பெங்களூரில் சிலர் இருக்கிறார்கள், அவர்களிடம் டிஸ்க்கைக் கொண்டுபோனான். அழித்திருந்தால் பார்க்கலாம், உடைந்திருந்தால்கூடப் பார்க்கலாம், நட்டநடுவில் ஓட்டை விழுந்த தட்டை என்ன செய்வது என்று கையை விரித்தார்கள். சிஞ்சனாவின் தோழிகள் வீடு வீடாகப் போனான். கும்பலாக எடுத்த படம் சிலது கிடைத்தது, ஓரத்தில் பாதி முகம். வரைந்ததெல்லாம் போனது போனதுதான். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான், கரிபசம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது அக்கா, தன் வாயால் போயிற்று என்று தெரிந்தால் தாங்க மாட்டாள், என்று. உன் வாயால் போயிற்று என்று உனக்குத் தெரிகிறதே, நீ எப்படித் தாங்குகிறாய் என்று கேட்க நினைத்தேன்.

புது மெஷினில் இருந்தது டி-யில் இருந்தவைதான். கடை பில், பழைய சினிமாப் பாட்டு, கோட்ரேஷ் ஸ்கேன் செய்து வைத்திருந்த தொட்டில் போட்ட படம், முதல் பிறந்த நாள், பள்ளிக்கூடச் சீருடை. பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். இன்னொன்றும் சொன்னான். அந்த சீல் டப்பாவில் டி என்று ஒன்றே கிடையாதாம். ஒரே சி. வீடு முழுக்க அடுப்படி, பீரோவே இல்லை. அதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்த சிரிப்பை நான் மறுபடி பார்க்க விரும்பவில்லை.

சாயங்கால வழக்கம் நிற்கவில்லை. கரிபசம்மா வந்து உட்காருவாள். அவன் சீருடைப் படங்களைப் போடுவான். மற்றதெல்லாம் எப்போது வரும் என்று முதல் சில நாள் கேட்டாள், வரும் என்றான். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். மறந்துவிட்டாள், பழகிவிட்டாள் என்று அவன் என்னிடம் சொன்னான். நான் ஒன்று கவனித்தேன். மார்க்கெட்டுக்கு ஷோரூம் இருக்கிற ரோட்டில் போகிறவள், இப்போது ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போகிறாள். அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

கடையில் அவன் ஓதுவதை நிறுத்திவிட்டான். பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வேடிக்கையாக, சி மெஷினுக்கு என்று ஆரம்பித்து அவன் முடிக்கட்டும் என்று நிறுத்தினார். பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. அவன் குனிந்து, எல்லாத்தையும் எடுத்துக்குங்க சார், எதையும் விட வேண்டாம் என்றான். இப்போது அவன் கடையிலும் சீல் டப்பா அடுக்கியிருக்கிறது. கேட்டதற்கு, நாளைக்கு ஏதாவது ஆனா நான் கட்டினதுன்னு இருக்காது பாருங்க அக்கா என்றான். ரிப்பேருக்கு வருகிறவர்களைத் திட்டுவதும் இல்லை. திட்டு வாங்காமல் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். மண்டக்கிப் பொரியும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குள் போனேன். நல்ல மழை, மின்சாரம் போயிருந்தது. சாமி விளக்கு மட்டும் எரிந்தது. கரிபசம்மா வழக்கம்போல் மெஷின் முன்னால் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கோட்ரேஷ் பக்கத்தில். திரை கறுப்பாக இருந்தது. மின்சாரம் வருகிற மாதிரி இல்லை, எழுந்திரு என்று சொல்லப் போனேன்.

"மொதல்ல ஸ்க்ரூ முடுக்கற படம்," என்றாள் அவள், திரையைப் பார்த்தபடியே.

கோட்ரேஷ் நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று தலையாட்டினேன்.

"நாக்கைக் கடிச்சுக்கிட்டிருப்பா," என்றாள்.

அவன் அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான். "ஆமா. கடிச்சுக்கிட்டிருப்பா. அடுத்தது நான் தூங்கறது."

"வாயில ஈ."

"அப்புறம் உன் மீசை."

"அப்புறம் அக்கா," என்று என் பக்கம் திரும்பினாள். "மூக்குத்திக்குப் பச்சைக் கல்லு வெச்சிருப்பா, ஞாபகம் இருக்கா அக்கா?" எனக்கு ஞாபகம் இல்லை. இருக்கிறது என்று சொன்னேன்.

பூண்டை உரிக்கிற கை நிற்கவே இல்லை. "அப்புறம் பாத்தி ஏரி. மழை. மஞ்சள் சுடிதார். கறுப்புக் குடை."

"நீலக் குடை," என்றான்.

"கறுப்புங்க. உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கினோமே, அது."

"அதுக்குக் கம்பி போயிருச்சு. இது நீலம். அவ போன்ல படம் எடுத்தவனே நான்தானே."

"எடுத்தது ஒரு நாளு. தெனம் பாத்தவ நானு. கறுப்பு."

கோட்ரேஷுக்கு அந்தப் பழைய தொண்டை ஒரு நொடி திரும்பி வந்தது. "எதுக்கு வழக்கு? தெறந்து பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது," என்று மெஷின் பக்கம் கையை நீட்டினான்.

நீட்டின கை அங்கேயே நின்றது. அவள் பூண்டு உரிப்பதை நிறுத்தினாள். மூன்று பேரும் அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது பார்த்துத்தான் மின்சாரம் வந்தது. விளக்கு எரிந்தது, மேலே மின்விசிறி சுற்றிப் பூண்டுத் தோல் பறந்தது. மெஷினைப் போட யாரும் எழுந்திருக்கவில்லை.

கரிபசம்மா எந்த வாக்குவாதத்திலும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. புருஷனிடம் ஒரு தடவைகூட இல்லை. அன்றைக்கு அவன் நீட்டின கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீலமாவே இருக்கட்டும்ங்க," என்றாள்.